நேராக நின்ற முள்

மைத்துனனாகப் பிறந்தவன் எந்த வீட்டிலும் நிரபராதி கிடையாது. டம்ளர் உடைந்தாலும் சரி, டிவி ரிமோட் காணாமல் போனாலும் சரி, எல்லாக் கண்களும் முதலில் அவன் பக்கம்தான் திரும்பும். பட்டவன் சொல்கிறேன். அதனால்தான் அந்த லாரி முதலாளி, "என் மச்சினன்தான் சார் என் எஞ்சினைக் கொன்னான்" என்று ஆரம்பித்தபோதே நான் மனதுக்குள் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் உதவியாளனாக இருக்கிற துப்பறியும் நிபுணர் எனக்கும் அக்கா புருஷன்தான். ஊருக்கு நிபுணர், வீட்டில் மாமா. கட்சிக்காரர்கள் முன்னால் 'சார்' என்று கூப்பிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

"எப்படிக் கொன்னான்னு கேளுங்க மாமா... சார், கேளுங்க சார்" என்றேன்.

மாமா என்னை ஒரு முறை முறைத்துவிட்டு முதலாளியிடம் திரும்பினார். "ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க."

நாங்கள் உட்கார்ந்திருந்தது முதலாளியின் ஆபீஸில். சுவரில் வண்டிச் சாவிகள் ஒரே அளவு இடைவெளி விட்டுத் தொங்கின. மேஜையில் பேனாக்கள் நூல் பிடித்த மாதிரி கிடந்தன. நான் ஒன்றை எடுத்துக் காது குடைந்துவிட்டு வைத்தேன். முதலாளி பேச்சை நிறுத்தாமலே அதை வரிசைக்குள் தள்ளினார். நான் மறுபடி நகர்த்தினேன். அவர் மறுபடி தள்ளினார். மாமா மேஜைக்கடியில் என் காலை மிதிக்கும்வரை நல்ல பொழுதுபோக்காக இருந்தது.

விஷயம் இதுதான். முதலாளியின் பெரிய லாரிக்குப் பாரத்தோடு மலை ஏறும்போது மூச்சு வாங்கியது. பவர் ஏற்றலாம் என்று முடிவு செய்தார். எஞ்சினுக்குள் கூடுதலாக டீசலைத் தள்ளுகிற ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதை மாட்டினால் இழுவை கூடும், கூடவே சூடும் கூடும். வண்டியைப் பார்க்கும் மெக்கானிக், ஒரு பெண்மணி, கறாராக ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். முதலில் மீட்டர், அப்புறம்தான் பவர். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் சூட்டைக் காட்ட ஒன்று, உள்ளே காற்றைத் திணிக்கும் டர்போவின் அழுத்தத்துக்கு ஒன்று, கியர்பாக்ஸ் ஆயிலின் சூட்டுக்கு ஒன்று.

"எனக்கு அதுல இஷ்டமே இல்ல சார்" என்றார் முதலாளி. "பவர் கேட்டா கடிகாரம் மாட்டறேங்கறா. அது என்ன லாரியா, ஆஸ்பத்திரியா? சரி, மாட்டித் தொலையட்டும்னு விட்டேன்."

"அப்புறம்?"

"பவர் ஏத்தின பிறகு முதல் லோடு. இவன்தான் ஓட்டினான். மலை உச்சிக்குப் போறதுக்குள்ள எஞ்சின் காலி. பிரிச்சுப் பார்த்தா பிஸ்டன் மெழுகுவத்தி மாதிரி உருகிக் கிடக்கு. கேட்டா, 'மீட்டரைப் பார்த்துட்டேதான் ஓட்டினேன், சூடு எல்லையைத் தாண்டவே இல்ல'ன்னு சாதிக்கறான். வெளி ஆளை வெச்சு மீட்டரைக் கழட்டாமலே சோதிச்சுப் பார்த்தாச்சு. கனகச்சிதமா வேலை செய்யுது. அப்ப யாரு சார் பொய் சொல்றது?"

"மீட்டர் யாருக்கும் மச்சினன் இல்லையே சார், அதை எப்படிச் சந்தேகப்படறது?" என்றேன்.

அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். "அதான்! போட்டிக் கம்பெனிக்காரன் இவனை வேலைக்குக் கூப்பிட்டிருக்கான். போறதுக்கு முன்னாடி என்னை ஒழிச்சுட்டுப் போகணும்னு வேணும்னே மிதிச்சிருக்கான். சாயங்காலம் போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறேன். நீங்க ஒரு ரிப்போர்ட் கொடுத்தா கேஸ் கெட்டியா நிக்கும்."

உள்ளறை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி அதுவரை வாய் திறக்கவில்லை. இப்போது திறந்தார்.

"தாராளமா எழுதிக் கொடுங்க. அவன் லைசென்ஸும் போகட்டும், அவனும் உள்ள போகட்டும். அன்னிக்கே நானும் வீட்டை விட்டுப் போறேன். அப்புறம் இந்தப் பேனாவையெல்லாம் கட்டிக்கிட்டு அழுங்க."

கூடப்பிறந்தவனுக்காக இப்படி ஒரு வார்த்தை என் அக்கா சொல்லியிருந்தால் நான் என்றைக்கோ உருப்பட்டிருப்பேன். முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது. மேஜை ஓரத்தில் இருந்த காலண்டரை ஒரு விரலால் நேராக்கினார்.

மாமா எழுந்தார். "வண்டி எங்க நிக்குது?"

வண்டி மெக்கானிக்கின் பட்டறையில் நின்றது. போகிற வழியில் நான் சொன்னேன், "அவன் செஞ்சிருக்க மாட்டான் மாமா."

"எப்படிச் சொல்றே?"

"ஒரு மச்சினனோட மனசு இன்னொரு மச்சினனுக்குத்தான் தெரியும்."

"அதுக்குப் பேர் துப்பு இல்ல மாப்ள, வியாதி."

பட்டறையில் டீசல் நெடி மூக்கைத் துளைத்தது. லாரியின் எஞ்சின் ஒரு மூலையில் சங்கிலியில் தொங்கியது. உருகிய பிஸ்டன் மேஜைமேல் ஒரு பழைய துணியில் கிடந்தது. மெக்கானிக் அக்கா தலையை இறுக்கக் கட்டிக்கொண்டு ஏதோ ஒரு போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். விரல் பத்தும் கிரீஸில் கறுத்திருந்தன. பின்னால் காற்று அடிக்கும் இயந்திரம். அதன் மீட்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, எண்களெல்லாம் தலை கவிழ்ந்திருந்தன.

"என்னக்கா, உங்க மீட்டர் ராத்திரி சரக்கு போட்டுடுச்சா? தலை தொங்குதே!"

"அது அப்படித்தான் இருக்கும். வெளிச்சத்தை மறைக்காம தள்ளி நில்லுங்க."

நான் தள்ளி நின்றேன். மாமா மட்டும் அந்த மீட்டரை ஒரு நிமிஷம் கூடுதலாகப் பார்த்தார்.

மச்சினன் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தான். வாட்டசாட்டமான ஆள்தான். ஆனால் கண்கள் சிவந்து, சட்டைக் காலரில் ஒரு பக்கம் உள்ளே மடங்கி, அதைக்கூடக் கவனிக்கிற நிலையில் அவன் இல்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "முதலாளி அனுப்பினாரா சார்?"

"முதலாளியா? மாமா இல்லையா?" என்றேன்.

"வண்டியில ஏறினா முதலாளி, வீட்டுல மாமா. இப்ப எப்படிக் கூப்பிட்டாலும் மூஞ்சியைத் திருப்பிக்கறார்."

நான் ஆதரவாக அவன் பக்கம் போய் நின்றுகொண்டேன். மாமா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. "போட்டிக் கம்பெனி கூப்பிட்டாங்களாமே?" என்றார்.

"கூப்பிட்டாங்க. வரலன்னுட்டேன். எங்கக்கா வீட்டு வண்டி சார் இது. இதை விட்டுட்டு எங்க போவேன்? இதுக்குப் பவர் ஏத்தணும்னு அவர்கிட்ட ஒத்தக்கால்ல நின்னதே நான்தான்."

மாமா கண்ணைக் காட்டினார். நான் லாரியின் கேபினுக்குள் ஏறினேன். டிரைவர் சீட்டுக்கு எதிரே, கண்ணாடி ஓரத்துத் தூணில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கூடுகள் வைத்து மூன்று மீட்டர்களையும் பதித்திருந்தார்கள். மூன்றும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சமர்த்தாக நிமிர்ந்து நின்றன. மேலே இருந்த சூட்டு மீட்டரைக் கிட்டே போய்ப் பார்த்தேன். அதன் விளிம்பில் சிவப்பாக ஒரு சின்னக் கீற்று. வெளியே கூட்டின்மேல், அதற்குச் சற்றுத் தள்ளி, அதே சிவப்பில் இன்னொரு கீற்று. சுரண்டிப் பார்த்தேன்.

நெயில் பாலிஷ்!

ஒரு லாரி கேபினில் நெயில் பாலிஷுக்கு என்ன வேலை? நான் கட்சி மாறி ஆதரித்த ஆளுக்கு இப்படி ஒரு சங்கதி இருந்தால் என் மானம் என்ன ஆவது? தலையை வெளியே நீட்டி, "சார், சிவப்பு நெயில் பாலிஷ்!" என்றேன்.

மச்சினன் பதறிப்போனான். "ஐயோ, எனக்கு எதுவும் தெரியாது சார்! அக்கா மேல சத்தியமா நான் யாரையும் வண்டியில ஏத்தல!"

"நகத்தைத் தேடாதே மாப்ள" என்றார் மாமா நிதானமாக. "பாட்டிலைத் தேடு. அதோ."

பட்டறையின் அலமாரியில், ஸ்பானர்களுக்கு நடுவில், சின்னதாக ஒரு சிவப்பு பாட்டில் நின்றது. நான் மெக்கானிக் அக்காவின் கிரீஸ் விரல்களைப் பார்த்தேன், பாட்டிலைப் பார்த்தேன், மச்சினனைப் பார்த்தேன். ஒரு முழுநீளக் காதல் கதை என் மனதில் ஓட ஆரம்பித்தது.

"உங்க பார்வையே சரியில்லையே" என்றார் மெக்கானிக் அக்கா. நான் கதையை இடைவேளையிலேயே நிறுத்திவிட்டேன்.

மாமா மச்சினனை டிரைவர் சீட்டில் ஏற்றி உட்காரவைத்தார். "கண்ணை மூடு. நீ இப்ப மலை ஏறிட்டிருக்கே. பாரம் இழுக்குது. சூட்டு முள் எப்படி நிக்குது? விரலால காட்டு."

மச்சினன் கண்ணை மூடி, ஆள்காட்டி விரலை நேரே மேலே நீட்டினான். "இப்படி. இம்மி அசையல சார். முதல்ல இடது பக்கமா சாய்ஞ்சிருந்தது. சரி, இன்னும் மிதிக்க இடம் இருக்குன்னு மிதிச்சேன். நேரா வந்து நின்னதும் காலை அங்கேயே நிறுத்திட்டேன். உச்சி வரைக்கும் அப்படியேதான் ஓட்டினேன்."

"அப்ப என்ன நம்பர் காட்டுச்சு?"

அவன் கண்ணைத் திறந்தான். "நம்பரா? வளைவுக்கு வளைவு எதிர்ல வண்டி வருது. நம்பரை யார் சார் படிச்சுட்டிருப்பா? முள் நேரா நின்னா நல்லது. அவ்வளவுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது."

மாமா மெக்கானிக் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "ஏம்மா, அந்தக் காத்து மீட்டரை எதுக்குச் சாய்ச்சு மாட்டியிருக்கீங்க?"

மெக்கானிக் அக்கா போல்ட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "எங்க வேலை அப்படி. இருக்க வேண்டிய அளவு எதுவோ, அது உச்சியில வர்ற மாதிரி மீட்டரையே திருப்பி மாட்டிடுவோம். தூரத்துல இருந்து பார்த்தாலும் முள் நேரா நிக்குதா, இல்லையான்னு தெரிஞ்சா போதும். லாரியிலயும் அப்படித்தான். கீழ இருக்கற ரெண்டு மீட்டரையும் திருப்ப அவசியமே இல்ல. சூட்டு மீட்டரை மட்டும் வலது பக்கமா நல்லா சாய்ச்சு மாட்டினேன். அறுநூறு டிகிரிதான் இந்த எஞ்சினுக்கு நான் வெச்ச எல்லை. அறுநூறுல முள் நேரா நிக்கும். இவனைப் பக்கத்துல உட்காரவெச்சு ஒரு ரவுண்டு ஓட்டியும் காட்டினேன்."

"நெயில் பாலிஷ்?"

"மாட்டி முடிச்சதும் விளிம்பையும் கூட்டையும் சேர்த்து ஒரே கோடா இழுத்துடுவேன். யாராவது திருப்பினா கோடு ரெண்டாப் பிரிஞ்சு..." பாதியிலேயே நிறுத்திவிட்டு, தாவி ஏறி மீட்டரைப் பார்த்தார். "அட பாவி! யாருடா இதை நிமிர்த்தி வெச்சது?"

நானும் எட்டிப் பார்த்தேன். நிமிர்ந்து நின்ற அந்த மீட்டரின் உச்சியில் இருந்த எண், எண்ணூறு.

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. மீட்டரும் பொய் சொல்லவில்லை, மச்சினனும் பொய் சொல்லவில்லை. அறுநூறில் நிறுத்த வேண்டியவன், முள் இன்னும் சாய்ந்திருக்கிறதே என்று மிதித்து, எண்ணூறில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறான். அங்கேயே பிசகாமல் பிடித்துவைத்து மலை முழுக்க ஏறியிருக்கிறான். கொஞ்சம் அசட்டையாக ஓட்டியிருந்தால்கூட எஞ்சின் பிழைத்திருக்கும்.

"அப்ப நான்தான் கொன்னேனா?" மச்சினனின் குரல் உடைந்தது. "ஐயோ, அவர் சொன்னது சரிதானா?"

"நீ சொன்ன சொல்லைக் காப்பாத்தினே" என்றார் மாமா. "நடுவுல யாரோ சொல்லையே திருப்பி வெச்சுட்டாங்க. மீட்டர் மாட்டினதுக்கும் லோடுக்கும் நடுவுல வண்டி எங்க நின்னுச்சு?"

"முதலாளி ஷெட்டுல. அந்த வாரம் முழுக்க நான் வேற வண்டியில போயிட்டேன்."

"போட்டிக் கம்பெனிதான் மாமா!" எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. "ஆள் வெச்சு ஷெட்டுக்குள்ள புகுந்து, நைசா மீட்டரைத் திருப்பி... என்ன ஒரு சதி! மூளைக்காரன் மாமா அவன்!"

"மூளைக்காரனா இருந்தா நெயில் பாலிஷைத் துடைச்சிருப்பான்" என்றார் மாமா. "முதலாளிக்குப் போன் போடு. மனைவியையும் கூட்டிட்டு வரச் சொல்லு. ஏம்மா, நீங்க அந்த மீட்டரைப் பழையபடி சாய்ச்சு வெச்சிடுங்க."

எதற்கு என்று கேட்டேன். என்னிடம் முன்கூட்டியே சொன்னால் அவருக்கு ஜென்மம் சாபல்யம் ஆகாது.

முதலாளி வந்தார். எழுதி மடித்த கம்ப்ளெயின்ட் சட்டைப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னாலேயே மனைவி வந்து, தம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கட்சிகள் பிரிந்துவிட்டன.

"துப்பு கேபினுக்குள்ள இருக்கு. ஏறுங்க" என்றார் மாமா.

முதலாளி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் இந்தப் பக்கம் ஏறிக்கொண்டேன். மாமா கீழே கதவருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "உங்க மச்சினன் எப்படியெல்லாம் ஓட்டியிருப்பான்னு நீங்க நினைக்கறீங்க? மனசுல இருக்கறதைச் சொல்லுங்க."

இது போதாதா? முதலாளி பொரிந்து தள்ள ஆரம்பித்தார். "என்ன நினைக்கறது! ஒரு ஒழுங்கு உண்டா இவன்கிட்ட? சாவியைக் கொக்கியில மாட்டத் தெரியாது." கை தானாகக் கண்ணாடியைச் சரி செய்தது. "செருப்பைக் கழட்டிப் போட்டா ஒண்ணு கிழக்க, ஒண்ணு மேற்க." துணியை எடுத்துத் தூசியைத் தட்டியது. "இப்படிப்பட்டவன் மீட்டரைப் பார்த்து ஓட்டினான்னு நான் நம்பணுமா?" கை மேலே போய்ச் சூட்டு மீட்டரின் விளிம்பைப் பிடித்து, கிரீச் என்ற சத்தத்தோடு இடது பக்கம் திருகி, நிமிர்த்தி வைத்தது. போதாக்குறைக்கு ஒற்றைக் கண்ணை மூடி, நேராக இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

பட்டறையில் எல்லாக் கண்களும் அந்தக் கைமேல் இருந்தன.

"என்ன, எல்லாரும் என்னையே பார்க்கறீங்க?"

"உங்க கை எங்க இருக்கு?" என்றார் மாமா.

அவர் தன் கையைப் பார்த்தார். அடுத்தவர் கையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "கோணலா இருந்தது. நேரா வெச்சேன்."

"முன்னாடி எப்பவாவது வெச்சீங்களா?"

"வண்டி ஷெட்டுக்கு வந்த அன்னிக்கே வெச்சேனே. மத்த ரெண்டும் நேரா இருக்கு, இது மட்டும் ஒருக்களிச்சுக் கிடக்கு. ஒரு மீட்டரை நேரா மாட்டத் தெரியாத பொம்பளைகிட்ட..."

மெக்கானிக் அக்கா உருகிய பிஸ்டனைத் துணியோடு எடுத்துவந்து அவர் மடியில் வைத்தார். அறுநூறையும் எண்ணூறையும் மாமா இரண்டே வாக்கியத்தில் விளக்கினார். முதலாளி பிஸ்டனை மடியிலேயே நேராக்கப் பார்த்தார்.

"இதை யாருமே என்கிட்ட சொல்லலையே" என்றார் கடைசியில்.

"'மீட்டர் மாட்டறேன், ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போங்க'ன்னு கூப்பிட்டேனா இல்லையா?" என்றார் மெக்கானிக் அக்கா. "'உன் கடிகாரத்தை நீயே பார்த்துக்கோ, பவரை ஏத்து'ன்னு போனை வெச்சது யாரு?"

எனக்கு முதலாளிமேல் இரக்கம் வந்ததா என்று கேட்டால், கொஞ்சம் வந்தது. ரொம்ப இல்லை.

மச்சினன் கதவருகில் வந்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் குரல் தழுதழுத்தது. "நீங்க நேரா வெச்ச முள்ளைத்தான் நான் மலை முழுக்க நம்பி வந்தேன் மாமா."

அவன் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். "அந்தக் கம்ப்ளெயின்ட்டைக் கொடுங்க."

"எதுக்கு?"

"பேரை மட்டும் மாத்தி எழுதணும். மத்ததெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க."

முதலாளி காகிதத்தைக் கொடுத்துவிட்டு இறங்கினார். இறங்கி, மச்சினன் எதிரில் நின்றார். தவறு என்னுடையது என்று சொல்ல வாய் வராத ஜாதி அது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். அவர் கண் மச்சினனின் சட்டைக் காலருக்குப் போனது. மடங்கிக் கிடந்த அந்தக் காலரை நோக்கிக் கை தானாக எழுந்தது. பாதி வழியில் நின்றது. பிறகு அந்தக் கை காலரைத் தொடாமல், அதற்குப் பக்கத்தில் தோள்மேல் போய் உட்கார்ந்தது.

"புது எஞ்சின் ஏத்தறப்ப, இவன் கண்ணுக்கு எப்படி வேணுமோ அப்படி மாட்டும்மா" என்றார் மெக்கானிக் அக்காவிடம். "நான் தொட மாட்டேன்."

"உங்க கையை யார் நம்புவா? பசை போட்டு ஒட்டிடறேன்" என்றார் அவர்.

மச்சினன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். முதலாளியின் கை தோளை விட்டு எடுபடவில்லை. காலர் கோணலாகவே கிடந்தது.

திரும்பி வரும்போது கேட்டேன். "ரிப்போர்ட்ல என்ன மாமா எழுதறது?"

"உள்ளதை எழுது. மச்சினன் மேல தப்பு இல்லைன்னு."

"அதுல இன்னொரு பிரதி எடுத்து நம்ம வீட்டுக் கூடத்துல மாட்டட்டுமா?"

மாமா என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். "போன மாசம் கண்ணாடி ஜாடி உடைஞ்சதே, அது நீதானே?"

"இல்ல மாமா. சத்தியமா இல்ல. உங்க முழங்கை."

அவர் நின்றார். தன் முழங்கையைத் திருப்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "உங்கக்காகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"சரி, ரிப்போர்ட்டைக் கூடத்துலயே மாட்டிக்கோ" என்றார்.